வராத பட்டைக்கு யார் சாட்சி?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தலைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது. மரபணுவும் மானுடமும், அறிவியலும் அறமும் என்கிற மாதிரி. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எழுத்து. மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளம். அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஏ இருக்கிறதா, டி இருக்கிறதா என்பதை விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த முறைக்கு அல்லீல் சார்ந்த பிசிஆர் என்று பெயர். ஆய்வகங்களில் ஆர்ம்ஸ் என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்கிறேன். அதன் விடையை எப்போது நம்பலாம் என்பதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் இந்தச் சோதனையின் விடைகளில் பாதி, 'ஒன்றும் வரவில்லை' என்ற வடிவத்திலேயே வருகின்றன. வந்ததை நம்புவது எளிது. வராததை நம்புவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கதிர்அரிவாள் இரத்தசோகையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், நானும் அதையே காட்டுகிறேன். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவரது குழுவினரும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டார்கள். இது ஒரு மூலக்கூறின் நோய் என்று தலைப்பிலேயே எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம் அந்த மூலக்கூறைத் துண்டு துண்டாக்கிப் பார்த்தார். பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று. டிஎன்ஏயில் பார்த்தால் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆகியிருக்கிறது. நடு எழுத்து மட்டும். அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. சிவப்பணு அரிவாள் போல வளைகிறது, சிறு இரத்தக் குழாய்களில் சிக்குகிறது. நோயாளியைக் கேட்டால் அவர் ஹீமோகுளோபினைப் பற்றிப் பேசமாட்டார், எலும்பைக் குடையும் வலியைப் பற்றிப் பேசுவார்.

இது ஆப்பிரிக்காவின் நோய் என்று நம் மருத்துவ மாணவர்களில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். 1952-இல் ஹெர்மன் லேமானும் மேரி கட்புஷும் இந்தியாவில் இந்தப் பண்பு இருப்பதைப் பதிவு செய்த இடம் நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தில்தான் அதைக் கண்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில், இந்த நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. அத்தனை பேருக்கும் முதலில் செய்வது எளிய இரத்தப் பரிசோதனைதான், டிஎன்ஏ சோதனை இல்லை. அது சரியான முடிவும்கூட. டிஎன்ஏவைத் தேடிப் போக வேண்டிய இடம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஓர் எழுத்தை டிஎன்ஏயில் நேரடியாகப் பார்க்க மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒய்.டபிள்யூ. கானும் ஆண்ட்ரே டோசியும் அந்த எழுத்தைப் பார்க்க முடியாமல், அதன் அக்கம்பக்கத்தில் இருந்த வேறொரு மாற்றத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு கருவில் நோயைக் கணித்தார்கள். பிறகு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. எம்எஸ்டி 2 என்ற வெட்டு நொதி டிஎன்ஏயை எங்கே வெட்டுமோ, அந்தத் தொடர் சாதாரண மரபணுவில் சரியாக ஆறாவது இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஏ மாறி டி ஆனால் வெட்டு விழாது, துண்டு நீளமாக இருக்கும். 1982 வாக்கில் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லா நோய்களும் ஒரு வெட்டு நொதியின் முகவரியில் வந்து பிறப்பதில்லை. கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகத்தில் புரூஸ் வாலஸின் குழு வேறு வழி பிடித்தது. சுமார் இருபது எழுத்து நீளமுள்ள இரண்டு செயற்கை இழைகள், ஒன்று ஏவுக்கு, மற்றொன்று டிக்கு. எது ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கதிரியக்கம் வேண்டும், நிறைய டிஎன்ஏ வேண்டும், எக்ஸ்ரே தாளில் கறுப்புப் புள்ளி விழும் வரை பொறுமையும் வேண்டும்.

பிறகு, டிஎன்ஏயைக் குழாய்க்குள்ளேயே பெருக்கும் பிசிஆர் வந்தது. கேரி மல்லிஸுக்கு அந்த யோசனை 1983-இல் தோன்றியது. ஆனால் பிசிஆர் உலகத்துக்கு முதலில் அறிமுகமான கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? 1985 டிசம்பரில் சயின்ஸ் இதழில் சைகியும் மல்லிஸும் மற்றவர்களும் எழுதியது, இதே பீட்டா குளோபின் மரபணுவைப் பெருக்கிக் கதிர்அரிவாள் இரத்தசோகையைக் கண்டறிவது பற்றித்தான். பெருக்கிய பிறகு வெட்டு நொதி போட்டுப் பார்த்தார்கள். பெருக்குவது ஒரு வேலை, எழுத்தைப் படிப்பது இன்னொரு வேலை என்று அப்போது இரண்டாகவே இருந்தது.

1989-இல் இரண்டும் ஒன்றாயின. ஓர் இடத்தில் அல்ல, பல இடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில். இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் நியூட்டனும் அவருடன் இருந்தவர்களும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆர்ம்ஸ் என்ற பெயரை வைத்தவர்கள் அவர்களே. சிட்டி ஆஃப் ஹோப்பில் வாலஸின் குழு கதிர்அரிவாளையே எடுத்துக்கொண்டது. மேயோ கிளினிக்கில் ஸ்டீவ் சோமரின் குழு ஃபினைல்கீட்டோன்யூரியாவை எடுத்துக்கொண்டு வேறொரு பெயர் வைத்தது. ஒவ்வொருவரும் தங்கள் பெயர்தான் நிலைக்கும் என்று நினைத்திருப்பார்கள். முறை ஒன்றுதான்.

இனி முறைக்கு வருவோம். டிஎன்ஏயை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்குச் சும்மா ஒற்றை இழையைக் கொடுத்தால் அது வேலையைத் தொடங்காது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஒரு சிறு துண்டு வேண்டும். அதுதான் ப்ரைமர். நொதி அந்த ப்ரைமரின் கடைசி எழுத்திலிருந்து, அதாவது 3 பிரைம் முனையிலிருந்து, அடுத்தடுத்த எழுத்தைக் கோத்துக்கொண்டே போகும். சட்டையின் ஜிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நாற்பது பல் ஒழுங்காக இருந்து பயனில்லை. ஓட்டி எந்தப் பல்லிலிருந்து கிளம்ப வேண்டுமோ அந்தப் பல் பொருந்தவில்லை என்றால் ஜிப் நகராது. ப்ரைமரிலும் அப்படித்தான். நடுவில் ஓர் எழுத்து பொருந்தாமல் போனால் நொதி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கடைசி எழுத்து பொருந்தாவிட்டால் திணறும். ஆகவே நமக்குச் சந்தேகமான எழுத்தின் மேலேயே ப்ரைமரின் கடைசி எழுத்து விழும்படி வடிவமைத்தால் போதும். ஏயில் முடியும் ஒரு ப்ரைமர், டியில் முடியும் இன்னொன்று, எதிர்ப்பக்கத்துக்கு இரண்டுக்கும் பொதுவான ஒரு ப்ரைமர். இரண்டு குழாய். எந்தக் குழாயில் பெருக்கம் நடக்கிறதோ அந்த எழுத்து அங்கே இருக்கிறது. பெருகியதை ஜெல்லில் ஓட்டினால் ஒரு பட்டையாகத் தெரியும். பெருக்குவதே படிப்பதாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நொதிகளில் சில, தாம் கோத்த எழுத்து தவறு என்றால் பின்னோக்கி வந்து அதை அறுத்துவிட்டுச் சரியானதைப் போடும். பிழை திருத்தும் திறன் உள்ளவை. பிஎஃப்யூ என்ற நொதி அப்படிப்பட்டது. துல்லியமான நகல் வேண்டுமென்றால் அதைத்தான் வாங்குவார்கள். இந்தச் சோதனைக்கு அதைப் போட்டால் அது ப்ரைமரின் பொருந்தாத கடைசி எழுத்தை அறுத்து, சரி செய்து, இரண்டு குழாயிலும் ஒரே மாதிரி பெருக்கிக் கொடுத்துவிடும். சோதனை பாழ். நமக்கு வேண்டியது திருத்தத் தெரியாத நொதி. அப்படி ஒன்று அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவில் இருந்தது. அந்த பாக்டீரியாவைத் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969-இல் விவரித்தார்கள். அதிலிருந்து நொதி 1976-இல் பிரித்தெடுக்கப்பட்டது. டாக் என்று நாம் அழைப்பது அதைத்தான். கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தையும் அது தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சிறப்பு. அதற்குப் பிழை திருத்தத் தெரியாது என்பது பெரும்பாலான வேலைகளில் குறை. இங்கே அந்தக் குறையின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

இவ்வளவு எளிதாக இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை. பொருந்தாத கடைசி எழுத்தைக் கண்டு டாக் திணறும் என்றேன். நின்றுவிடும் என்று சொல்லவில்லை. எந்த எழுத்துக்கு எதிரே எந்த எழுத்து நிற்கிறது என்பதைப் பொறுத்துத் திணறல் மாறுகிறது. 1990-இல் குவோக் என்பவரும் அவருடைய சகாக்களும் பல இணைகளையும் வரிசையாகச் சோதித்தார்கள். ஏ எதிரே ஜி, ஜி எதிரே ஏ, சி எதிரே சி நின்றால் விளைச்சல் சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஏ எதிரே ஏ என்றால் இருபதில் ஒரு பங்கு. மற்ற இணைகளில் நொதி கிட்டத்தட்ட எதுவும் நடக்காதது போலத் தாண்டிப் போய்விட்டது. கதிர்அரிவாளில் ஏ இருந்த இடத்தில் டி வருகிறது. ஆகவே தவறான மரபணுவில் உட்காரும்போது ஒரு ப்ரைமருக்கு ஏ-ஏ மோதல், மற்றொன்றுக்கு டி-டி மோதல். முதலாவது ஓரளவு தடுக்கும். இரண்டாவதை நம்பினால் ஏமாந்து போவோம்.

இதற்கு நியூட்டன் குழு கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டுமென்றே இன்னொரு பிழையைச் சேர். ப்ரைமரின் கடைசி எழுத்துக்குச் சற்று முன்னால், இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில், எந்த மரபணுவோடும் பொருந்தாத ஓர் எழுத்தை வை. சரியான மரபணுவில் உட்காரும்போது ஒரு பிழை, நொதி சமாளித்துக்கொள்ளும். தவறான மரபணுவில் இரண்டு பிழை அடுத்தடுத்து, நொதி கைவிட்டுவிடும். எவ்வளவு பிழை சேர்ப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி எழுத்தின் மோதல் வலுவாக இருந்தால் சேர்க்கும் பிழை மெலிதாக இருக்கட்டும். கடைசி மோதல் மெலிதானால் சேர்ப்பது வலுவாக இருக்கட்டும். இரண்டும் வலுவாக இருந்தால் சரியான மரபணுவிலும் பெருக்கம் நடக்காது. அதைவிட மோசமான சோதனை உலகில் இல்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் 'இல்லை' என்று அழகாகச் சொல்லும்.

ஏமாறுவது பற்றி இன்னொன்று. ஆயிரத்தில் ஒரு தடவை நொதி தவறிப்போய்ப் பொருந்தாத ப்ரைமரை நீட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. அப்படி நீண்ட நகலுக்குள் ப்ரைமரே ஓர் உறுப்பாகிவிட்டது. அதாவது தவறான எழுத்து இப்போது நகலில் பதிந்துவிட்டது. அடுத்த சுற்றில் அதே ப்ரைமர் அந்த நகலின் மேல் உட்காரும்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். நொதிக்குத் தயங்கக் காரணமே இல்லை. பொய் ஒரு தடவை பதிந்ததும் உண்மையின் வேகத்திலேயே பெருகத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு, பத்துச் சுற்றில் 1024 மடங்கு. ஆயிரத்தில் ஒரு தவறு என்றால் பொய்யானது உண்மையைவிடப் பத்துச் சுற்றுதான் பின்தங்கியிருக்கிறது. முப்பது சுற்றில் நிறுத்தினால் உண்மை ஒரு நகலிலிருந்து 107 கோடியாகியிருக்கும், பொய் சுமார் 10 லட்சம், ஜெல்லில் தெரியாது. பட்டை சற்று மங்கலாக இருக்கிறதே என்று யாராவது ஆர்வத்தில் நாற்பது சுற்று ஓட்டினால் பொய்யும் 107 கோடி. இரண்டு குழாயிலும் பட்டை, ஆரோக்கியமானவர் காகிதத்தில் ஒரு பிரதி மாறிய கடத்தியாகிவிடுவார். சுற்றை அதிகமாக்குவது நுண்ணுணர்வைக் கூட்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்த முறையில் அது பொய்க்குக் கால அவகாசம் கொடுப்பது. இப்போது வந்திருக்கும் ரியல்டைம் கருவிகள் எத்தனையாவது சுற்றில் ஒளி எழுந்தது என்று காட்டுவதால் இந்தப் பத்துச் சுற்று இடைவெளியைக் கண்ணால் பார்க்கலாம். ஜெல்லில் கடைசிக் காட்சி மட்டும்தான்.

சரி, பொய்யாக வந்த பட்டையைப் பார்த்தோம். இனி வராத பட்டை.

ஒருவருடைய மாதிரியை டி ப்ரைமர் போட்ட குழாயில் ஓட்டுகிறோம். ஜெல்லில் ஒன்றும் இல்லை. 'கதிர்அரிவாள் மரபணு இல்லை' என்று எழுதலாமா? டிஎன்ஏயே அந்தக் குழாயில் விழாமல் இருந்திருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் வந்திருக்கலாம். ஹெப்பாரின் பிசிஆரை முடக்கும். சிவப்பணுவின் ஹீம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதே கதைதான். மின்சாரம் போய் வந்திருக்கலாம். இத்தனைக்கும் ஜெல் தரும் விடை ஒன்றுதான், வெறும் கறுப்பு. ஆகவே ஒவ்வொரு குழாயிலும், அதே குழாயில், பக்கத்துக் குழாயில் அல்ல, இன்னொரு ப்ரைமர் இணையையும் போட வேண்டும். நமக்குச் சந்தேகமே இல்லாத ஓர் இடத்தை, யாருக்கானாலும் கட்டாயம் பெருக வேண்டிய ஓர் இடத்தைப் பெருக்குவதற்கு. அந்தக் கண்ட்ரோல் பட்டை, அதாவது சாட்சிப் பட்டை வந்து, நாம் தேடிய பட்டை வராவிட்டால், 'இல்லை' என்பது விடை. இரண்டுமே வராவிட்டால் விடையே இல்லை, மறுபடியும் செய்ய வேண்டும். என் மாணவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது சாட்சிப் பட்டையை. நோயின் பட்டையை அப்புறம் பார்க்கட்டும்.

அந்தச் சாட்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, நம் மண்ணோடு தொடர்புள்ளது. பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியாவுக்கு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான மாற்றங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் என்றால் யாராலும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஓல்டும் வரவாலாவும் வெதரலும் 1990-இல் பிரிட்டனில் வாழும் இந்திய, சைப்ரஸ் குடும்பங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் எந்தெந்த மாற்றம் எவ்வளவு என்று வரைபடம் போட்டார்கள். நம் பகுதியில் ஐந்தே மாற்றங்கள் பெரும்பான்மையான நோயாளிகளை விளக்கிவிடுகின்றன. முதலாவது ஐவிஎஸ் 1-5 எனப்படும் ஜி-சி மாற்றம். முதல் இடைவெளிப் பகுதியில் ஐந்தாவது எழுத்து. இன்னொன்று ஓர் எழுத்து அல்ல, மரபணுவின் பின்பகுதியில் 619 எழுத்து மொத்தமாகக் காணாமல் போனது. ஓல்ட் குழு தங்கள் சாட்சிப் பட்டையை இந்த 619 இருக்க வேண்டிய பகுதியின் இரு கரையிலும் கால் வைத்து நிற்கும்படி அமைத்தது. சாதாரணமாக 861 எழுத்து நீளப் பட்டை வரும். 619 காணாமல் போனவருக்கு அதே சாட்சி 242-ஆகச் சுருங்கி வரும். குழாய் வேலை செய்தது என்று சொல்ல வந்த சாட்சியே அந்த ஐந்து மாற்றங்களில் ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகிறது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிற்பாடு 2001-இல் சவுத்தாம்ப்டனிலிருந்து நான்கு ப்ரைமர்களை ஒரே குழாயில் போடும் முறை பிரபலமானது. வெளிப்புறம் இரண்டு, உட்புறம் எதிரெதிர்த் திசையில் இரண்டு. வெளி இணை சாட்சிப் பட்டையைத் தரும், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எழுத்துக்கு ஒரு நீளத்தில் பட்டை தரும். ஒரே குழாய், ஒரே வரிசை. நெல் இன ஆராய்ச்சியிலிருந்து கோழிப்பண்ணை வரை எல்லா இடத்திலும் இதைப் பார்க்கலாம். வடிவமைப்பது மட்டும் பெரிய தலைவலி, நான்கும் ஒரே வெப்பநிலையில் ஒத்துழைக்க வேண்டும்.

முன்னே விட்டுவிட்ட கேள்விக்கு வருகிறேன். ஹெச்பிஎல்சி கருவி ஹீமோகுளோபினைப் பிரித்துக் காட்டிவிடும், கரைதிறன் சோதனை இன்னும் மலிவு. பிறகு டிஎன்ஏ எதற்கு? கருவுக்கு. கணவனும் மனைவியும் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பத்து, பதினொரு வாரக் கருவின் இரத்தத்தில் பெரும்பாலும் கருக்கால ஹீமோகுளோபின்தான் ஓடுகிறது, அதில் பீட்டா சங்கிலியே இல்லை. புரதத்தைப் பார்த்துப் பயனில்லை. நஞ்சுக்கொடித் திசுவில் ஒரு துணுக்கு எடுத்து டிஎன்ஏயைக் கேட்பதே வழி. அந்தத் துணுக்கில் தாயின் திசு ஒட்டிக்கொண்டு வந்தால், தாயோ கடத்தி, குழந்தையின் விடையோடு தாயின் விடை கலந்துவிடும். அதனால் நல்ல ஆய்வகங்கள் தாயின் மாதிரியோடு ஒப்பிட்டு, கலப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே எழுதித் தருகின்றன. அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிக்கும் டிஎன்ஏ உதவும். ஹெச்பிஎல்சி தானம் செய்தவரின் சிவப்பணுவையும் சேர்த்துப் படிக்கும், சிவப்பணுவில் உட்கரு கிடையாது என்பதால் அதன் டிஎன்ஏ குறுக்கே வராது.

மாற்றம் நோயாகத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினரும் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருந்த ஆக்சானா லாக்ரிட்ஜும் 2006-இல் ஒரு மாற்றத்தை வெளியிட்டார்கள். பியூட்டிரைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியில் 307-ஆவது லியூசின் புரோலினாகிறது, ஒரு டி சி ஆவதால். வைசிய சமூகத்தினரிடையே இதைக் கண்டார்கள். இரண்டு பிரதியும் மாறியவர் வாழ்நாள் முழுக்க நன்றாகவே இருப்பார். அறுவைச் சிகிச்சை மேசையில் சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்தைப் போட்டால்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும் மருந்து, இவருக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகளை எழவிடாது. ஒரே எழுத்து, ஒரே கேள்வி, தெரிந்துவிட்டால் மயக்க மருத்துவர் வேறு மருந்துக்கு மாறிவிடுவார். ஆர்ம்ஸ் போன்ற சிறிய சோதனைக்காகவே அளவெடுத்துத் தைத்த கேள்வி இது.

புற்றுநோயில் கேள்வியின் தன்மையே மாறுகிறது. பிறவியிலேயே வந்த மாற்றம் என்றால் மாறிய பிரதி பாதி அல்லது முழுமை. கட்டியிலிருந்து இரத்தத்தில் கசியும் டிஎன்ஏயில் மாறிய பிரதி நூற்றில் ஒன்றாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். வழக்கமான சாங்கர் முறையில் வரிசையைப் படித்தால் நூற்றில் பதினைந்து, இருபதுக்குக் கீழே இருப்பது இரைச்சலில் மூழ்கிவிடும். அல்லீல் சார்ந்த பிசிஆர் பெரும்பான்மையைப் பெருக்காமல் ஒதுக்கிவிட்டுச் சிறுபான்மையை மட்டும் பெருக்குகிறது. நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மரபணுவின் டி790எம் மாற்றம் வந்தால் பழைய மாத்திரைகள் பலனளிக்காது, ஒசிமெர்டினிப் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க உதவும் இரத்தப் பரிசோதனைகளில் இந்தத் தத்துவத்தில் இயங்குபவை முன்னோடிகள். 2016-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அங்கீகரித்த முதல் இரத்த வழிப் புற்றுநோய் மரபணுச் சோதனையும் இதே இஜிஎஃப்ஆர் மரபணுவுக்கானது, அல்லீல் சார்ந்த பிசிஆரில் இயங்குவது. மேலே நான் சொன்ன பத்துச் சுற்று இடைவெளிதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பொய் எந்தச் சுற்றில் தலைகாட்டும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால்தான் அதற்கு முன்னால் எழுந்தது உண்மை என்று சொல்ல முடியும்.

மரபணு முழுவதையும் படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே, இந்தப் பழைய முறை எதற்கு என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பார். பதில் செலவு என்று சொல்வது வழக்கம், அது உண்மையும்கூட. இந்தச் சோதனைக்கு ஒரு தெர்மல் சைக்கிளர், ஒரு ஜெல் தொட்டி, ப்ரைமர் வாங்கப் பணம் இருந்தால் போதும், மாவட்டத் தலைநகர் ஆய்வகத்தில் செய்துவிடலாம். என் பதில் வேறு. எல்லாவற்றையும் படித்தால் கேட்காத கேள்விகளுக்கும் விடை வந்து குவியும். அவற்றுக்கு என்ன பொருள் என்று சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. ஒரு தம்பதிக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு விடை வேண்டும், கர்ப்ப வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே சிறிய சோதனைதான் மரியாதையான சோதனை.

ஆனால் சிறிய கேள்வி தன் எல்லைக்கு வெளியே பேசாது. அதை மறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு சூழலைச் சொல்லி முடிக்கிறேன், இரண்டும் அதே ஆறாவது இடத்தில் நடப்பவை.

ஜிஏஜியில் நடு எழுத்து மாறினால் கதிர்அரிவாள். முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால் ஹீமோகுளோபின் சி, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலானது. ஒரு பிரதி கதிர்அரிவாள், மற்றொன்று சி என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு இரண்டுமே மாறியவை, சாதாரணப் பிரதி ஒன்றுகூட இல்லை. சாதாரண எழுத்துக்கான ப்ரைமரை எந்தத் திசையிலிருந்து வடிவமைத்தோம் என்பதைப் பொறுத்து இவரது விடை மாறும். முன்பக்கமிருந்து வரும் ப்ரைமர் என்றால் சியின் மாற்றம் கடைசி எழுத்துக்கு ஒட்டினாற்போல் விழுந்து பெருக்கத்தைக் கெடுக்கும். கதிர்அரிவாள் பட்டை மட்டும் தெரியும், இரட்டைக் கதிர்அரிவாள் என்று அறிக்கை போகும். பின்பக்கமிருந்து வரும் ப்ரைமர் அந்த முதல் எழுத்தைத் தொடாமலே நின்றுவிடும். சி சாதாரணமாகத் தோன்றும், இவர் வெறும் கடத்தி என்று அறிக்கை போகும். ஒரே இரத்தம், இரண்டு தவறான விடை, குழாயில் சாட்சிப் பட்டை இரண்டு தடவையும் பளிச்சென்று இருக்கும்.

நம் நாட்டுக்கு நெருக்கமானது இரண்டாவது. ஒரு பிரதியில் கதிர்அரிவாள், மறு பிரதியில் ஐவிஎஸ் 1-5 போன்ற தலசீமியா மாற்றம். இந்த இரண்டாவது பிரதியில் ஆறாவது இடம் ஒரு குறையும் இல்லாமல் ஏயாகவே இருக்கிறது, மரபணு கெட்டது வேறு இடத்தில். ஆர்ம்ஸ் நேர்மையாகவே பதில் சொல்லும்: ஏ உண்டு, டி உண்டு. கடத்தி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வலியில் துடிக்கும் நோயாளி, அந்த ஏ உள்ள பிரதி ஹீமோகுளோபினைச் சரிவர உற்பத்தி செய்வதே இல்லை. ஹெச்பிஎல்சி வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கதிர்அரிவாள் ஹீமோகுளோபின் பாதிக்கு மேல் உயர்ந்து, சாதாரணமானது சொற்பமாகக் கிடப்பது உடனே தெரியும். வெறும் கடத்திக்கு இது தலைகீழாக, சாதாரணமானதே அதிகமாக இருக்கும். அதனால் ஜெல் படத்தையும் ஹெச்பிஎல்சி வரைபடத்தையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டுதான் அறிக்கை எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடாமல் பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.